மூளை ஸ்கேன்ல மெஷின் துப்புற நம்பர் யாரோட ஒப்பிட்ட நம்பர்? நியூக்ளியர் மெடிசின் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம்ம நாட்டு நியூக்ளியர் மெடிசின் டாக்டர்களுக்கும், பிசிசிஸ்டுகளுக்கும், சாஃப்ட்வேர் வாங்க கையெழுத்து போடுற ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

உடம்புல ஏத்துன கதிரியக்க மருந்தை படம் புடிக்கிற காமா கேமராவும் பெட் சிடியும் ஓட்டுற டெக்னாலஜிஸ்ட் நான். மருந்து ஏத்தி, பேஷண்டை டேபிள்ல படுக்க வச்சு, தலை ஆடாம ஸ்ட்ராப் போட்டு, ஸ்கேன் எடுத்து, ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் பண்ணி உங்க ஸ்க்ரீனுக்கு அனுப்புறதோட என் வேலை முடியும், அதுக்கப்புறம் பாத்து எழுதுறது உங்க வேலை. இத்தனை நாளும் அப்படித்தான் ஓடிட்டிருந்துச்சு. இப்போ நமக்கு நடுவுல மூணாவதா ஒருத்தர் வந்து உக்காந்திருக்காரு, ஏஐ சாஃப்ட்வேர்னு பேரு, ஸ்கேனை உள்ள போட்டா கொஞ்ச நேரத்துல கலர் கலரா படமும் கீழ ஒரு டேபிளும் துப்புறாரு, இடது புடாமென் இவ்வளவு, வலது காடேட் இவ்வளவு (ரெண்டும் மூளையோட உள் பகுதிகள்), இசட் ஸ்கோர், அதாவது நார்மல் சராசரியில இருந்து எவ்வளவு தள்ளியிருக்குங்கிற எண், மைனஸ் இவ்வளவுன்னு. அந்த டேபிள் அப்படியே காப்பி ஆகி ரிப்போர்ட்டுக்குள்ள போகுது. அதைப் பத்திதான் இந்த லெட்டர்.

முதல்லயே சொல்லிடறேன், நான் இதுக்கு எதிரி இல்ல. கண்ணால பாக்குறதுல இருக்குற கஷ்டம் உங்களுக்கே தெரியும். ட்ரோடாட்னு ஒரு ஸ்கேன், மூளையில டோபமினை உள்ள இழுக்குற டோபமின் ட்ரான்ஸ்போர்ட்டர் எவ்வளவு இருக்குன்னு காட்டும். அதுல ஸ்ட்ரையேட்டம் (காடேட்டும் புடாமெனும் சேந்தது) ரெண்டு பக்கமும் கமா போட்ட மாதிரி தெரியணும், பார்கின்சன்ல வால் பக்கம் முதல்ல போகும், அதாவது புடாமெனோட பின்பகுதி, கமா தேஞ்சு தேஞ்சு புள்ளியாகும். முழுசா புள்ளி ஆயிடுச்சுன்னா நேத்து ஜாயின் பண்ண ஸ்டூடண்ட் கூட சொல்லிடுவான். ஆனா 72 வயசு பெரியவர், ஒரு கையில மட்டும் லேசா நடுக்கம், வால் கொஞ்சம் மங்கலா இருக்கு, இது வயசாலயா வியாதியாலயான்னு கேட்டா அங்கதான் ரெண்டு டாக்டர் ரெண்டு விதமா சொல்றீங்க, ஒரே டாக்டர் திங்கக்கிழமை ஒண்ணும் வெள்ளிக்கிழமை ஒண்ணும் சொல்றதும் உண்டு (கோவிச்சுக்காதீங்க, கலர் ஸ்கேலை கொஞ்சம் நகத்துனாலே படம் வேற மாதிரி தெரியுது, அது உங்க தப்பில்ல). அந்த இடத்துல ஒரு எண் கண்டிப்பா கை குடுக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு அதே ஆளை திரும்ப எடுக்கும்போது எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு சொல்றதுக்கும் எண் இல்லாம முடியாது.

எண்ணா மாத்துறது ஒண்ணும் நேத்து வந்த விஷயமும் இல்ல. 1976 ஆகஸ்ட்ல பென்சில்வேனியா யூனிவர்சிட்டில முதல் தடவையா மனுஷங்களுக்கு எஃப்டிஜி, அதாவது குளுக்கோஸ் மாதிரியான கதிரியக்க மருந்து, ஏத்துனாங்க, மருந்து ப்ரூக்ஹேவன் லேப்ல செஞ்சு, 110 நிமிஷத்துல பாதியாகிப் போற சரக்கை விமானத்துல ஃபிலடெல்ஃபியாவுக்கு தூக்கிட்டு வந்து குடுத்தாங்க. அப்பவே அவங்களுக்கு அழகா படம் எடுக்குறது நோக்கம் இல்ல, மூளை எந்த இடத்துல எவ்வளவு குளுக்கோஸ் தின்னுதுன்னு அளக்கணும்கிறதுதான் நோக்கம். 90கள்ல லண்டன்ல ஃப்ரிஸ்டன் குரூப்போட எஸ்பிஎம் சாஃப்ட்வேர் வந்துச்சு, மினோஷிமாவோட 3டி எஸ்எஸ்பி சாஃப்ட்வேர் வந்துச்சு, எல்லாமே ஒரு ஆள் மூளையை பொது அச்சுக்கு இழுத்து நீட்டி, நார்மல் ஆளுங்க கூட்டத்தோட ஒப்பிட்டு, எங்க குறைஞ்சிருக்குன்னு கலர்ல காட்டுற வேலைதான். இப்போ மெஷின் லேர்னிங் புதுசா என்ன பண்ணுதுன்னா, எம்ஆர்ஐ இல்லாமலே ஸ்ட்ரையேட்டத்தை தானா கோடு போட்டு பிரிக்குது, தலை சாஞ்சிருந்தா தானா நேராக்குது, கடைசில இது பார்கின்சன் மாதிரி, இது அல்சைமர் மாதிரின்னு ஒரு சதவீதமும் சொல்லுது. வேகம் ஜாஸ்தி, ஆளுக்கு ஆள் கோடு மாறுற பிரச்சனை இல்ல. ஆனா அடியில இருக்குற கேள்வி மட்டும் அப்படியே இருக்கு: யாரோட ஒப்பிடுற?

கணக்கு என்னன்னு படிக்கிற மத்தவங்களுக்காக ஒரு வரியில சொல்றேன், டாக்டருங்க இதை தாண்டிப் போயிடுங்க. ஸ்ட்ரையேட்டத்துல வர்ற கவுண்ட்ல (கேமரா எண்ணுன கதிர்) இருந்து பின் மண்டைப் பக்கம் ஆக்ஸிபிடல்ல வர்ற கவுண்டை கழிச்சு, அதே ஆக்ஸிபிடல் கவுண்டால வகுத்தா ஒரு விகிதம் வரும். நார்மல் ஆளுங்களுக்கு அந்த விகிதம் சராசரி 2.0, ஆளுக்கு ஆள் ஏத்த இறக்கம் 0.3ன்னு வச்சுப்போம், உங்களுக்கு 1.4 வந்தா இசட் ஸ்கோர் மைனஸ் 2. அவ்வளவுதான். பாருங்க, 1.4 மட்டும்தான் பேஷண்ட்கிட்ட இருந்து வந்தது. 2.0வும் 0.3யும் எங்கயோ எப்பவோ யாரோ படுத்த ஸ்கேன்ல இருந்து வந்தது. அந்த யாரோ யாருன்னு நம்ம ரிப்போர்ட்ல ஒரு வார்த்தை கூட இருக்கறதில்ல.

ஐரோப்பாக்காரங்க இதை எப்படி பண்ணாங்கன்னு பாத்தா நமக்கு கொஞ்சம் வெக்கமா இருக்கும். ட்ரோடாட் பாக்குற அதே டோபமின் ட்ரான்ஸ்போர்ட்டரை வேற மருந்துல பாக்குற டாட்ஸ்கேனுக்கு என்க்-டாட்னு ஒரு நார்மல் டேட்டாபேஸ் கட்டுனாங்க, பல நாட்டு சென்டர்கள் சேந்து, 20 வயசுல இருந்து 83 வயசு வரைக்கும் வியாதி இல்லாத 139 பேர், அது மட்டும் இல்லாம ஒவ்வொரு கேமராவுலயும் ஃபேன்டம் (உறுப்பு மாதிரி செஞ்ச டெஸ்ட் பொம்மை) வச்சு அளந்து, இந்த கேமராவோட எண்ணை அந்த கேமராவோட எண்ணுக்கு எப்படி மாத்தணும்னு கேலிப்ரேட் பண்ணாங்க. அதுல தெரிஞ்ச ஒண்ணு, வியாதியே இல்லாதவங்களுக்கும் பத்து வருஷத்துக்கு சுமார் 5.5 சதவீதம் இந்த டோபமின் ட்ரான்ஸ்போர்ட்டர் குறையுது. அப்போ வயசை சேக்காம ஒப்பிட்டா எழுபதைத் தாண்டுன தாத்தா பாட்டி பாதி பேரை நாமளே பார்கின்சன் பக்கம் தள்ளிடுவோம்.

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. டாட்ஸ்கேனுக்கு அயோடின் 123 வேணும், சைக்ளோட்ரான்ல செய்யுற சரக்கு, 13 மணி நேரத்துல பாதியாகும், நம்ம ஊர்ல சுலபமா கிடைக்காது. அதனால நாம ட்ரோடாட் பண்றோம். காலைல ஜெனரேட்டரை எல்யூட் பண்ணி, அதாவது கழுவி, டெக்னீஷியம்ங்கிற கதிரியக்கப் பொருளை எடுத்து, கிட்ல கலந்து, ஏத்தி, மூணு நாலு மணி நேரம் பேஷண்டை உக்கார வச்சு எடுக்குறோம். நல்ல மருந்துதான், காசும் கம்மி, அது இல்லேன்னா பாதி பேருக்கு இந்த டெஸ்டே கிடையாது. ஆனா ட்ரோடாட்ல ஸ்ட்ரையேட்டத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசம் டாட்ஸ்கேன் அளவுக்கு தூக்கலா வராது, விகிதமே கம்மியா வரும், அயோடினோட காமா கதிர் சக்தி 159 கேஇவி, டெக்னீஷியத்தோடது 140, ஸ்கேட்டரும் (கதிர் சிதறுறது) வேற. டாட்ஸ்கேன் நார்மலை வச்சு பழகுன சாஃப்ட்வேர்ல ட்ரோடாட்டை போட்டா அது பாட்டுக்கு இசட் ஸ்கோர் குடுக்கும், எர்ரர் மெசேஜ் எதுவும் வராது. மருந்தே வேறன்னு அதுக்கு யாரும் சொல்லல, அதுவும் கேக்கல. கம்பெனி டெமோவுல இதை கேட்டப்போ வந்த பதில் "ரெண்டும் டோபமின் ட்ரான்ஸ்போர்ட்டர்தானே சார்". அதுக்கு மேல நான் வாயைத் திறக்கல, நம்ம டிபார்ட்மெண்ட் பெரியவங்க எல்லாம் பிஸ்கட் சாப்பிட்டுட்டு இருந்தாங்க.

மருந்தை விடுங்க, ஒரே மருந்து, ஒரே ஆள், ஒரே ராடேட்டாவை (கேமரா புடிச்ச கச்சா டேட்டா) வச்சே எண் எப்படி ஆடும்னு எங்க ஒர்க்ஸ்டேஷன்ல யார் வந்தாலும் காட்டுறேன். ஃபில்டர் பேக் ப்ரொஜெக்‌ஷன்ல (படம் கட்டுற ஒரு முறை) பட்டர்வொர்த் ஃபில்டரோட கட்ஆஃபை கொஞ்சம் இறக்குங்க, படம் வழவழன்னு அழகாயிடும், ஸ்ட்ரையேட்டத்தோட கவுண்ட் அக்கம் பக்கம் வழிஞ்சு போயி விகிதம் குறையும். கட்ஆஃபை ஏத்துங்க, படம் பொறி பொறியா இருக்கும், விகிதம் ஏறும். ஓசெம்ங்கிற இன்னொரு முறையில இட்டரேஷன் (எத்தனை சுத்து கணக்கு) மாத்துனா இன்னொண்ணு. அட்டென்யுவேஷன் கரெக்‌ஷன் (தலைக்குள்ளயே உறிஞ்சப்படுற கதிருக்கான திருத்தம்) போட்டா ஒண்ணு, போடலேன்னா ஒண்ணு. இன்னொரு விஷயம் ரூம்ல நிக்குற எங்களுக்கு மட்டும்தான் தெரியும்: கழுத்து குட்டையா தோள் அகலமா இருக்குற பேஷண்ட்டுக்கு டிடெக்டர் தோள்ல இடிக்கும், அதனால வட்டத்தை பெருசாக்கி தள்ளி வச்சு எடுப்போம், நாலஞ்சு சென்டிமீட்டர் தள்ளுனாலே ரெசல்யூஷன் போயிடும், ஸ்ட்ரையேட்டம் அவ்வளவு சின்ன உறுப்பு. அந்த ஆளுக்கு குறைஞ்ச எண்ணுல எவ்வளவு வியாதி எவ்வளவு தோள்னு எந்த சாஃப்ட்வேருக்கும் தெரியாது. கேமராவைப் பத்தி எந்த விவரமும் அது கேக்கவே இல்லையே.

அடுத்தது, "97 சதவீதம் அக்யூரசி" ரக விளம்பரங்கள். எண்ணை நான் சும்மா சொன்னேன், எந்த கம்பெனியையும் குத்திக் காட்டல, ஆனா இந்த ரேஞ்சுல எத்தனையோ பேப்பர் பாத்திருப்பீங்க. டாட்ஸ்கேன் ஏஐ பேப்பர்கள்ல பெரும்பாலானது பிபிஎம்ஐங்கிற பார்கின்சன் ஸ்டடியோட டேட்டாவுலதான் பழகியிருக்கும், மைக்கேல் ஜே ஃபாக்ஸ் ஃபவுண்டேஷன் 2010ல ஆரம்பிச்சு, டேட்டாவை உலகத்துக்கே திறந்து விட்டது, பெரிய மனசு, அதுல எனக்கு நன்றி மட்டும்தான். ஆனா அந்த ஸ்டடில பார்கின்சன் குரூப்புக்குள்ள நுழையுறதுக்கே டாட் ஸ்கேன்ல குறை தெரிஞ்சிருக்கணும். அறிகுறி இருந்து ஸ்கேன் நார்மலா வந்தவங்களை ஸ்வெட்னு தனிக் கூட்டமா பிரிச்சுட்டாங்க. ஆக, ஸ்கேன்ல கெட்டுப் போனவங்கன்னு ஏற்கனவே ஸ்கேனை பாத்து பொறுக்குன கூட்டத்தையும் நல்லா இருக்குறவங்க கூட்டத்தையும் குடுத்து, எது எதுன்னு ஸ்கேனை வச்சு சொல்லுன்னா மெஷின் சொல்லாம என்ன பண்ணும். நம்ம கதவைத் தட்டுற ஆள் அப்படி இல்ல. மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு அதனால கை நடுங்குறவர், எசென்ஷியல் ட்ரெமர்காரர் (பார்கின்சன் இல்லாத வேற ரக நடுக்கம்), சின்ன சின்ன ஸ்ட்ரோக் வந்து நடை தடுமாறுறவர், இவங்களுக்கு நடுவுல பார்கின்சன் யாருன்னு தேடுறதுதான் நம்ம வேலை, அந்த பரீட்சையை அந்த மாடல் எழுதவே இல்ல.

எஃப்டிஜி பெட்லயும் இதே கதைதான், கொஞ்சம் வேற ரூபத்துல. சான் ஃபிரான்சிஸ்கோக்காரங்க ரேடியாலஜி ஜர்னல்ல போட்ட ஸ்டடி நியூஸ் பேப்பர்லயும் டிவியிலயும் எல்லாம் வந்துச்சு, ஞாபகம் இருக்கும். அட்னிங்கிற அமெரிக்க அல்சைமர் ஸ்டடியோட டேட்டாவுல 1,002 பேரோட 2,109 ஸ்கேனை வச்சு டீப் லேர்னிங் மாடல் பழக்கி, கடைசி டயக்னோசிஸ் வர்றதுக்கு சராசரி 75.8 மாசம் முன்னாடியே அல்சைமரை புடிச்சுதுன்னு. 100 சதவீதம் சென்சிட்டிவிட்டில (வியாதி உள்ளவங்களை புடிக்கிறது) 82 சதவீதம் ஸ்பெசிஃபிசிட்டி (இல்லாதவங்களை இல்லைன்னு சொல்றது). நல்ல வேலைதான், நான் குறை சொல்லல, ஆனா வெளியாளை வச்சு டெஸ்ட் பண்ணது 40 ஸ்கேன், அதுவும் அவங்க ஊர் ஆஸ்பத்திரில. தலைப்புச் செய்தியில "ஆறு வருஷம் முன்னாடியே" மட்டும் வந்துச்சு, இந்த 40 வரல. அட்னில சேந்தவங்க பெரும்பாலும் வெள்ளைக்காரங்க, காலேஜ் வரைக்கும் படிச்சவங்க, உடம்புல வேற பெரிய வியாதி இருந்தா சேத்துக்கவும் மாட்டாங்க.

நம்ம வெயிட்டிங் ஹால்ல யார் உக்காந்திருக்காங்க? சுகர். ஐசிஎம்ஆர் இண்டியாப் கணக்கு 2023ல வந்தது, நாட்டுல 10 கோடியே 10 லட்சம் பேருக்கு சுகர்னு. ரத்தத்துல சுகர் ஏறியிருந்தா எஃப்டிஜி மூளைக்குள்ள போறது குறையும், அது உங்களுக்கு தெரியாததில்ல. வில்லங்கம் என்னன்னா எல்லா இடத்துலயும் சமமா குறையாது, பின்பக்கம் பரைட்டல் சுத்துப்பட்டுல ஜாஸ்தி குறைஞ்சு பாக்க அல்சைமர் மாதிரியே படம் வர்றது உண்டு. நல்லா இருக்குற ஆளுக்கே வர்றது உண்டு. இப்போ ஊசி போடும்போது 180 இருந்த ஒரு அம்மாவோட ஸ்கேனை, சுகர் இல்லாத அமெரிக்கர்களோட நார்மலோட ஒப்பிட்டா மெஷின் பரைட்டல்ல நீலமா திட்டு போட்டு மைனஸ் 2.4ங்கும். 180ங்கிற எண் என் ஒர்க்‌ஷீட்ல பேனாவுல எழுதியிருக்கு. சாஃப்ட்வேர்ல அதை போட கட்டமே இல்ல.

அந்த ஒர்க்‌ஷீட்ல இன்னும் என்னென்னமோ இருக்கு சார். எஃப்டிஜி ஏத்தி அரை மணி நேரம் இருட்டு ரூம்ல சும்மா படுக்கணும், பேசக்கூடாது, ஃபோன் பாக்கக்கூடாதுன்னு சொல்லிட்டு நான் அடுத்த பேஷண்டுக்கு டோஸ் எடுக்க போயிருப்பேன், திரும்பி வந்து பாத்தா மருமக கதவைத் திறந்து "அத்தை, பசிக்குதா, இன்னும் கொஞ்ச நேரந்தான்"னு பேசிட்டிருக்கும், அத்தை கையில ஃபோன்ல பேரன் வீடியோ கால்ல இருப்பான். பாவம், அவங்களை என்ன சொல்றது. ஆனா கண்ணும் காதும் வேலை செஞ்சா அந்தந்த இடம் கூடுதலா குளுக்கோஸ் எடுக்கும், ஆக்ஸிபிடல் பளிச்சுன்னு வரும், மத்த இடம் அதுக்கு முன்னாடி மங்கலா தெரியும். முந்தின நாள் ராத்திரி தூக்க மாத்திரை போட்டிருந்தாங்களா, ட்ரோடாட்டா இருந்தா புப்ரோபியான் மாதிரி, மெத்தில்ஃபெனிடேட் மாதிரி ட்ரான்ஸ்போர்ட்டரை அடைக்கிற மருந்து எதாவது ஓடுதா, இதெல்லாம் நாங்க கேட்டு எழுதுறது. எழுதுன பேப்பர் ஃபைலுக்குள்ள போகும், ஸ்கேன் சாஃப்ட்வேருக்குள்ள போகும், ரெண்டும் சந்திக்கிறதே இல்ல.

மூளையோட அச்சைப் பத்தியும் ஒரு வார்த்தை. எல்லா சாஃப்ட்வேரும் ஒரு டெம்ப்ளேட்டுக்கு மூளையை இழுத்து பொருத்தித்தான் கணக்கு போடுது, ஜாஸ்தி புழக்கத்துல இருக்குறது மாண்ட்ரியல்ல 152 பேரை வச்சு செஞ்சது, அதுக்கு முந்தின தலைராக் அட்லஸ் ஒரே ஒரு அம்மாவோட மூளை. ஹைதராபாத் ட்ரிபிள் ஐடியில 2019ல 100 இந்தியர்களோட எம்ஆர்ஐ வச்சு ஒரு அட்லஸ் கட்டி, நம்ம மூளை நீளம் அகலம் உயரம் எல்லாத்துலயும் அந்த மாண்ட்ரியல் அச்சை விட சின்னதுன்னு காட்டுனாங்க (சின்னதுன்னா அறிவு கம்மின்னு வாட்ஸப்ல கிளப்பி விட்டுடாதீங்க, அளவை மட்டும்தான் சொல்றேன்). பெங்களூரு நிம்ஹான்ஸ்லயும் வயசு வாரியா இந்திய டெம்ப்ளேட் பண்ணியிருக்காங்க. நம்ம மார்க்கெட்ல விக்கிற பேக்கேஜ்கள்ல இதுல ஒண்ணையாவது செலக்ட் பண்ற ஆப்ஷன் இருக்கான்னு கேட்டுப் பாருங்க.

முடியாத காரியத்தை நான் கேக்கல. 2016ல ஒரு ஸ்டடி வந்துச்சு, நியூயார்க் பக்கம் டேவிட் ஐடல்பெர்க் குரூப், பார்கின்சனுக்கும், அது மாதிரியே தெரியுற வேற வியாதிகளான எம்எஸ்ஏவுக்கும் பிஎஸ்பிக்கும் எஃப்டிஜில தனித்தனி பேட்டர்ன் இருக்குன்னு கண்டுபுடிச்சு தானா பிரிக்கிற கணக்கு ஒண்ணு வச்சிருந்தாங்க, அதை நம்ம ஊர் பேஷண்டுகளோட ஸ்கேன்ல போட்டு, பின்னாடி டாக்டருங்க சொன்ன டயக்னோசிஸோட ஒப்பிட்டுப் பாத்தாங்க. நல்லாவே ஒத்துப் போச்சு. பாருங்க, வெளியூர் கணக்கு இங்க வேலைக்கு ஆகாதுன்னு நான் சொல்ல வரல, வேலைக்கு ஆகும்னு இங்க ஓட்டிப் பாத்து சொல்லுங்கன்னுதான் சொல்றேன். அமிலாய்டு பெட்லயும் (அல்சைமர்ல மூளையில படியுற அமிலாய்டு புரதத்தை காட்டுற ஸ்கேன்) அப்படித்தான் ஒரு ஒழுங்கு கொண்டு வந்தாங்க, 2015ல சென்டிலாய்ட் ஸ்கேல், இளவயசுக்காரங்க சராசரி 0, அல்சைமர் ஆரம்ப கட்ட பேஷண்டுங்க சராசரி 100, டேட்டா எல்லாருக்கும் ஓப்பன், யார் தன் சாஃப்ட்வேரை கொண்டு வந்தாலும் முதல்ல அந்த பொது ஸ்கேனை ஓட்டி அதே விடை வருதான்னு காட்டணும், அப்புறம்தான் பேச்சு. டோனனெமாப்ங்கிற அல்சைமர் மருந்தோட ட்ரையல்ல அமிலாய்டு எவ்வளவு இறங்குச்சுன்னு பெட் எண்ணை வச்சுத்தான் மருந்தையே நிறுத்துனாங்க. மருந்தை நிறுத்துற அளவுக்கு எண் முக்கியம்னா அந்த எண்ணை எப்படி அளந்தோம்னு சொல்ல வேண்டியதும் அவ்வளவு முக்கியம்தானே.

நம்ம நாட்டுல 60 வயசு தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா, கிட்டத்தட்ட 88 லட்சம் பேர்னு வயசானவங்களை வச்சு பண்ண லாசி-டேட் ஸ்டடி சொல்லுது. இவங்கள்ல ஸ்கேன் வரைக்கும் வர்றவங்க கொஞ்சம் பேர்தான், வந்தவங்க ரிப்போர்ட்டை எப்படி படிக்கிறாங்கன்னு நீங்க பாக்கறதில்ல, நாங்க கவுண்டர்ல பாக்குறோம். போன மாசம் ஒரு பையன், நல்ல படிச்ச பையன், ரிப்போர்ட்டை புரட்டிட்டு வந்து "அண்ணா, எங்கப்பா எல்லாத்துலயும் மைனஸ்ல மார்க் வாங்கிருக்காரே, ஃபெயிலா?"ன்னு கேட்டான். நான் டாக்டரை கேளுப்பான்னு அனுப்பிட்டேன், அதுக்கு மேல பேச எனக்கு உரிமை இல்ல. அவன் வெளிய போற வழியிலயே அந்த எண்ணை ஃபோன்ல தட்டி தேட ஆரம்பிச்சுட்டான். நீங்க இம்ப்ரஷன்ல "கிளினிக்கலா பொருத்திப் பாக்கவும்"னு கவனமா எழுதியிருந்தீங்க, ஆனா வீட்டுக்கு போனது மைனஸ்தான்.

சரி, என்ன பண்ணனும்னு கேப்பீங்க.

நாளைக்கே பண்ணக்கூடியது, காசு செலவே இல்லாதது: டேபிளுக்கு கீழ ரெண்டு வரி. என்ன மருந்து, எந்த கேமரா, எப்படி ரீகன்ஸ்ட்ரக்‌ஷன், சாஃப்ட்வேர் வெர்ஷன் என்ன, எந்த நார்மல் டேட்டாபேஸ், அதுல எத்தனை பேர், எந்த வயசுல இருந்து எந்த வயசு வரைக்கும், எஃப்டிஜியா இருந்தா ஊசி போடும்போது சுகர் எவ்வளவு. இதுல எதையாவது கம்பெனி சொல்ல மாட்டேன்னா அந்த எண்ணை ரிப்போர்ட்ல போடாதீங்க, அவ்வளவுதான். வெர்ஷன் எதுக்குன்னா, அப்டேட் வந்த மறுநாள் அதே ஸ்கேனுக்கு எண் மாறுது, ரெண்டு வருஷம் கழிச்சு ஃபாலோஅப் வர்றவருக்கு வியாதி முத்துச்சா சாஃப்ட்வேர் மாறுச்சான்னு யார் சொல்வா.

டேட்டாபேஸ் பொருந்தலேன்னா, உதாரணமா ட்ரோடாட்டுக்கு டாட்ஸ்கேன் நார்மல்தான் உள்ள இருக்குன்னா, இசட் ஸ்கோரை விட்டுட்டு வெறும் விகிதத்தையும், வலது இடது வித்தியாசத்தையும், புடாமெனுக்கும் காடேட்டுக்கும் உள்ள விகிதத்தையும் போடுங்க. அந்த பேஷண்டை அவரோடயே ஒப்பிடுறது, வெளிநாட்டுக்காரன் யாரும் நடுவுல வர மாட்டான், பார்கின்சன் ஒரு பக்கம் முந்தி ஆரம்பிக்கிற வியாதிங்கிறதால இது நிறையவே பேசும். முழு பதில் ஆகாதுன்னு தெரியும், ரெண்டு பக்கமும் சமமா போனவங்களை இது கோட்டை விட்டுடும். ஆனாலும் பொய் சொல்லாது.

பெரிய வேலை ஒண்ணு இருக்கு, அதை நீங்க சேந்துதான் பண்ண முடியும், என்னை மாதிரி ஆளால முடியாது. நம்ம நார்மலை நாமளே கட்டணும். நல்லா இருக்குற ஆளுக்கு எதுக்கு ரேடியேஷன் குடுக்கணும்னு எத்திக்ஸ் கமிட்டி கேக்கும், நியாயமான கேள்வி. ஆனா சுத்தி வழி இருக்கே. கேன்சருக்கு உச்சந்தலையில இருந்து தொடை வரைக்கும் தினம் பெட் எடுக்குறோம், அதுல மூளை முழுசா இருக்கு, தலையில எதுவும் இல்லாதவங்க, கீமோ ஆரம்பிக்காதவங்க, சுகர் கட்டுப்பாட்டுல இருக்குறவங்கன்னு கவனமா பொறுக்குனா எஃப்டிஜிக்கு ஒரு நார்மல் கூட்டம் தேறும். கூடவே சுகர் இருக்குறவங்களை தனி கூட்டமாவும் கட்டலாம், உலகத்துல வேற யாரை விடவும் அது நம்மகிட்ட இருக்கும். ட்ரோடாட்டுக்கு, ஸ்கேன் நார்மல்னு வந்து வருஷக்கணக்கா ஃபாலோஅப்லயும் பார்கின்சன் வராம இருக்குறவங்க ஒவ்வொரு ஊர்லயும் இருக்காங்க, நியூராலஜிஸ்ட் கதவைத் தட்டி கேட்டா கிடைப்பாங்க. ஒரு ஸ்ட்ரையேட்டம் ஃபேன்டம் வாங்கி ஊர் ஊரா சுத்த விடுங்க, வேலூர்ல இருந்து சண்டிகர் வரைக்கும், ஒவ்வொரு கேமராவும் அதை எவ்வளவுன்னு காட்டுதுன்னு எழுதி வைங்க, எண்ணுகள் தானா ஒரு பாஷை பேச ஆரம்பிக்கும்.

அதுக்கு முன்னாடி ஒரு அவசர வேண்டுகோள், ராடேட்டாவை அழிக்காதீங்க. டிஸ்க் ஃபுல்னு மெசேஜ் வந்தா முதல்ல போறது ப்ரொஜெக்‌ஷன்தான், பேக்ஸ்ல (ஆஸ்பத்திரியோட பட சேமிப்பு) மிச்சம் இருக்குறது கலர் ஸ்க்ரீன்ஷாட் நாலு. ஸ்க்ரீன்ஷாட்டை வச்சு எந்த மாடலும் பழக முடியாது, எந்த எண்ணையும் திருப்பி எடுக்கவும் முடியாது.

நிர்வாகத்துக்காரங்களுக்கு: டெண்டர்ல ஒரு வரி சேருங்க, எங்க மருந்துல எங்க கேமராவுல எடுத்த ஸ்கேன்ல ஓட்டிக் காட்டுனாத்தான் பில் பாஸ் ஆகும்னு. சாஃப்ட்வேரும் மெடிக்கல் டிவைஸ்தான்னு சட்டம் சொல்லுது, ஐசிஎம்ஆரும் 2023ல ஏஐக்குன்னு எத்திக்ஸ் கைட்லைன் போட்டு, பழகுன டேட்டா ஒரு பக்கமா சாஞ்சிருக்கான்னு பாருங்கன்னு சொல்லியாச்சு, அதனால நீங்க இதை கேட்டா அதிகப்பிரசங்கித்தனம்னு யாரும் சொல்ல முடியாது. ஸ்கேன் கிளவுடுக்கு போகுதுன்னா எந்த நாட்டு சர்வர், பேர் போயிடுச்சா, தலை சிடியில முகத்தை திருப்பி வரைய முடியும்கிறது தெரியுமா, அதையும் கேட்டு எழுத்துல வாங்கிக்குங்க.

டாக்டருங்களுக்கு கடைசியா. அடுத்த கான்ஃபரன்ஸ்ல ஸ்டால் போட்டு டெமோ காட்டும்போது பேர், ஐடி எல்லாம் எடுத்துட்டு உங்க சொந்த ட்ரோடாட் ஸ்கேன் ஒரு பத்து பென் டிரைவ்ல போட்டு கொண்டு போங்க. தெளிவா நார்மல் மூணு, தெளிவா பார்கின்சன் மூணு, உங்களையே ரெண்டு நாள் முழிக்க வச்ச கேஸ் நாலு. "உங்க டெமோ கேஸ் இருக்கட்டும், இதை ஓட்டுங்க"ன்னு சொல்லுங்க. நார்மல் மூணுலயும் மைனஸ் அடிச்சா காபியை குடிச்சுட்டு கிளம்பி வந்துடுங்க, ஒழுங்கா சொல்லுச்சுன்னா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, எங்க டிபார்ட்மெண்டுக்கு கொட்டேஷன் வாங்க நானே ஓடுறேன்.

இப்படிக்கு,
கேமரா ரூம்ல இருந்து ஒரு டெக்னாலஜிஸ்ட்